தேடாமல் சொன்ன பதில்

எங்கள் படகுத்துறையின் கணினி அறையில் இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. எதற்கெடுத்தாலும் ஒரு விதி சொல்வாள். அவள் கணவர் தையற்காரர். ஒருமுறை மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினாராம். இவள் அடுப்படியை விட்டு நகராமலே, "கண்ணாடி இல்லாம உங்களுக்கு ஊசியில நூல் கோக்க வராது. கடைசியா பொத்தான் தச்சீங்கல்ல? அதுக்கப்புறம் போன இடத்துல மட்டும் பாருங்க" என்றாளாம். கண்ணாடி, பொத்தான் டப்பாவுக்குள் இருந்தது.

கணினிக்கும் அதையே பழக்கினாள். முன்பெல்லாம் ஒரு பயணியின் பெயரைக் கேட்டால் பத்தாண்டுச் சீட்டுகளையும் அது துழாவும். நாங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். இவள் துறையின் விதிகளை உள்ளே ஏற்றி, முதலில் விதியைப் பார், பிறகு தேடு என்று சொல்லிக்கொடுத்தாள். இரவுப் படகில் பதினெட்டு வயதுக்குக் கீழ் யாரும் ஏறக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அப்படிச் சீட்டுக் கேட்டால் கணினி அடித்தே தராது. பகல் கவுண்டரில் இருக்கும் எனக்கு இவள் விதிகளால் பயணிகளின் வசவுக்குப் பஞ்சமில்லை.

அன்று மாலைப் படகில் அக்கரையிலிருந்து வரவேண்டிய என் மகள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. விடிந்ததும், அங்கிருந்து கிளம்பிய இரவுப் படகு கவிழ்ந்த செய்தி வந்தது.

கணினி அறையில் ஒரே கூட்டம். மகளின் பெயரையும் வயதையும் சொன்னேன். சட்டாம்பிள்ளை தட்டினாள். தட்டிய கையோடு 'இல்லை' என்று வந்தது.

"இது தேடவே இல்லியேம்மா!"

"தேடலண்ணே. உங்க பொண்ணுக்குப் பதினாறு. அந்தப் படகுல பதினாறு வயசுக்குச் சீட்டே இருக்க முடியாது. இருக்க முடியாத இடத்துல எதுக்குத் தேடணும்?"

"உன் விதியத் தூக்கிக் குப்பையில போடு! ஒவ்வொண்ணாப் பாரு!" என்று கத்தினேன்.

அதற்குள் என் போன் அடித்தது. புது எண். மகள்தான்.

"அப்பா, திட்டாதீங்க. சாயங்காலப் படக விட்டுட்டேன். ராத்திரிப் படகுக்குக் கெஞ்சிப் பாத்தேன், சீட்டு வரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சிநேகிதி வீட்டுல தங்கிட்டேன். என் போன்ல சார்ஜ் இல்ல."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தேடாமலே சொன்ன அந்தப் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது. எளிதில் யாரையும் கும்பிடுகிறவன் இல்லை நான். அவளைக் கும்பிட்டேன்.

"எந்திரிங்கண்ணே. பின்னால ஆள் நிக்கிறாங்க."

பின்னால் ஓர் அம்மா. "என் பையன்மா. வயசு இருபத்திரண்டு."

சட்டாம்பிள்ளை விதிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஒன்றும் கைகொடுக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்தினாள். கணினி தேட ஆரம்பித்தது.