சோறு தொடாத ஆறு வாரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று முறை நோட்டை எடுத்தேன். மூன்று முறையும் "என் தம்பி" என்ற இரண்டு சொல்லோடு கை நின்றுவிட்டது. எழுதினால் என்னை நானே காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும். எழுதாவிட்டால் அவனை மூடி மறைப்பதாகத் தோன்றும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். காரைக்குடி செக்காலையில் சின்னதாகப் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். எழுத்து எப்படி வந்தாலும் சரி, நடந்தது நடந்தபடி வந்தால் போதும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். சொந்தமாகக் கார் வைத்து ஓட்டினான். வெளியூர்க்காரர்களையும் வெளிநாட்டுக்காரர்களையும் கொத்தமங்கலம், வலையபட்டி என்று அழைத்துப்போய்ப் பெரிய வீடுகளைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். குடி கிடையாது, புகை கிடையாது. எப்போதோ வந்த மஞ்சள் காமாலை ரத்தத்திலேயே தங்கி, மெல்ல மெல்ல ஈரலைத் தின்றிருக்கிறது. வயிறு வீங்கிய பிறகுதான் தெரிந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில், வேறு ஒருவர் ஈரலில் பாதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள். என் ரத்தம் சேர்ந்தது.

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வேறு மாதிரி பேசினார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். "உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்ப எடுத்தா அவருக்கும் பத்தாது, உங்களுக்கும் ஆபத்து. ஆறு வாரத்துல கொழுப்பக் குறைச்சிட்டு வாங்க. தம்பி அதுவரைக்கும் தாங்குவார்."

அதுவரைக்கும் என்ற சொல்லைத்தான் நான் சரியாகக் கேட்கவில்லை.

உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒரு தாள் கொடுத்தாள். ஒரு கரண்டி சோறு, நிறையக் காய், சுண்டல், மோர், தினம் ஒரு மணி நேர நடை. சீனி கூடாது, தேங்காய் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தம்பி உயிருக்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன். இதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. குன்றக்குடி மலை ஏறினேன். தம்பிக்கு ஆபரேஷன் முடியும்வரை ஒரு பருக்கை சோறு தொடமாட்டேன் என்று முருகன் முன்னால் சொல்லிவிட்டு இறங்கினேன். தாளை மடித்து வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன். அந்த ஆறு வாரமும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் விரதம் என்றால் சோற்றை விடுவது. இட்லியும் இடியாப்பமும் பணியாரமும் அரிசிதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவை பலகாரம். பலகாரம் சாப்பிட்டவரைப் பார்த்து, "பாவம், ஒண்ணும் சாப்பிடல" என்றுதான் சொல்வோம். சிறுவயதிலிருந்து கார்த்திகை சோமவாரமும் சஷ்டியும் அப்படித்தான் இருந்து பழக்கம். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "சோத்த விட்டவுகளுக்குப் பலகாரமாச்சும் வயிறாரக் குடுக்கணும்ல" என்று தினம் ஒன்று செய்தாள். ஒரு நாள் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், மறுநாள் வெள்ளைப் பணியாரம், வெள்ளிக்கிழமையென்றால் வெல்லம் போட்டு எண்ணெயில் பொரித்த கந்தரப்பம்.

முதல் வாரம் நடந்துவிட்டு வரும்போது எனக்குத் தலை சுற்றியது. தம்பி அதைப் பார்த்துவிட்டான். மறுவாரம் நானும் மனைவியும் அவன் வீட்டுக்குப் போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். உள்ளே வெள்ளித்தாள் சுற்றிய கட்டிகள். புரோட்டீன் பார் என்றான். போனில் ஆர்டர் போட்டு வரவழைத்திருக்கிறான்.

"என்னடா இது?"

"கார்ல வர்ற வெள்ளைக்காரங்க இத ஒண்ணக் கடிச்சுக்கிட்டுப் பொழுதன்னைக்கும் நடக்குறாக அண்ணே. சோறு தண்ணி கேக்க மாட்டாக. ஒருத்தருக்காச்சும் தொப்பையப் பாத்ததில்ல. இதத் தின்னுங்க. வெறும் வயித்தோட கெடந்து நீங்களும் விழுந்துட்டா என்னையப் பாக்க ஆளில்ல."

என் மனைவி ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். "சிமிட்டிக் கட்டி மாதிரில்ல இருக்கு. இதத் தின்னா வீடு கட்டலாம். ஒடம்பு எளைக்குமா?"

"மதினி, உங்க கந்தரப்பத்துக்கு இது தேவலை" என்றான் அவன். அன்று மூவரும் சிரித்தோம். அவன் கண்ணின் வெள்ளை அப்போதே மஞ்சளாகத்தான் இருந்தது.

நான் அவற்றைத் தின்ன ஆரம்பித்தேன். காலை நடை முடிந்து ஒன்று. பதினொரு மணிக்குக் கடையில் ஒன்று. நாலு மணிக்கு ஒன்று. சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து ஒன்று. அப்புறம் வீட்டில் பலகாரம். பெட்டி தீர்ந்ததும் தம்பி இன்னொன்று வரவழைத்தான். மாவு வாசமும் சாக்லேட் இனிப்பும் கலந்து வாயில் ஒட்டிக்கொள்ளும். அதை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது அடுப்பில் வேகவில்லை. இலையில் விழவில்லை. மருந்து மாதிரி தாளில் சுற்றி வந்தது. என் மனசுக்கு அது மருந்துதான்.

வாரம் ஒருமுறை அந்தப் பெண் மதுரையிலிருந்து போன் செய்வாள்.

"ஐயா, சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?"

"சோத்தத் தொட்டு இருபது நாளாச்சும்மா."

"அவ்வளவு வேண்டாமே ஐயா, ஒரு கரண்டி சாப்பிடலாமே. சரி, நொறுக்குத்தீனி?"

"அதெல்லாம் ஏதும்மா. விரதம்ல இருக்கேன்."

"எடை பாத்தீங்களா?"

"பாப்போம்மா."

நான் பார்க்கவில்லை. முருகனிடம் ஒப்படைத்த உடம்பை மிஷினில் ஏற்றிச் சோதிப்பது அவனை நம்பாததற்குச் சமம் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்றுதான் அன்றைக்கு நம்பினேன். கடைக்கு வந்தவர்கள், "பாதியா எளைச்சுப் போனீகளே" என்றார்கள். விரதம் இருப்பவனைப் பார்த்து எல்லோரும் சொல்வதுதான். அதையும் நம்பினேன்.

ஆறாவது வாரம் மதுரைக்குப் போனோம். எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. ஈரலில் இருந்த கொழுப்பு அப்படியே இருந்தது. டாக்டர் என்னை அந்தப் பெண்ணிடம் அனுப்பினார். அவள் ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள். காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள், தண்ணீரைத் தவிர என்றாள். சொன்னேன். என் மனைவி பக்கத்தில் தலை குனிந்துகொண்டாள். சட்டைப் பையில் ஒரு கட்டியின் தாள் இருந்தது. அந்தப் பெண் அதை வாங்கி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, இரண்டு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயா, இது விஷம் இல்ல. கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு வேளை சாப்பாட்டுக்குப் பதிலா ஒண்ணு சாப்பிட்டிருந்தா பரவாயில்ல. நீங்க சாப்பாட்டுக்கு மேல நாலு சாப்பிட்டிருக்கீங்க. ஒண்ணொண்ணும் ஒரு தட்டு டிபன் மாதிரி. இதுல சீனியும் இருக்கு." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் போன்ல இன்னும் நல்லா கேட்டிருக்கணும்."

அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

இன்னும் ஒரு மாதம் முயற்சி செய்யச் சொன்னார்கள். தம்பியிடம் காரணத்தைச் சொல்லக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினேன். அந்தக் கட்டி அவன் கையால் வாங்கிக்கொடுத்தது. அவன் வீட்டுக்குப் போய், "மிஷின்ல சரியாத் தெரியலையாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுறாக" என்றேன்.

அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். நான் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள் அவன் மடியில் விழுந்தது. எடுத்தான். வட்டம் போட்ட இடத்தைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. வெகுநேரம் படித்தான். பிறகு அழகாக நான்காக மடித்து என் பையிலேயே வைத்தான். என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"பசிச்சுச்சா அண்ணே?"

"இல்லடா" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. புரிந்து என்னை மன்னித்துக் கேட்டானா, தன்னைத்தானே நொந்து கேட்டானா, சும்மா கேட்டானா, அதுவும் தெரியாது. அதன் பிறகு நான் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து, அதில் எழுதியிருந்ததையே சாப்பிட்டேன். ஒரு கரண்டி சோறும் அளந்துதான் போட்டேன். முருகனிடம் நேர்ந்துகொண்டதை மீறிவிட்டேனே என்று பயமாகவும் இருந்தது. பதினெட்டாம் நாள் தம்பிக்கு ரத்த வாந்தி வந்தது. மதுரை போய்ச் சேருவதற்குள் மேலூர் அருகில் அடங்கிவிட்டான்.

பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "கத்திக்குப் பயந்துக்கிட்டுத் தின்னு ஒடம்ப வளத்துக்கிட்டானப்பா. குடுக்க மனசிருந்தா எளைக்காதா?" நான் சாம்பார் வாளியோடு அவர் பின்னால் நின்றிருந்தேன். அவருக்கும் ஊற்றினேன். "போதுமா?" என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. தம்பி மனைவிதான் என்னிடம் வந்து வாளியை வாங்கிக்கொண்டு, "நீங்க அங்குட்டுப் போய் உக்காருங்க மச்சான்" என்றாள்.

அதற்கப்புறம் உடம்பு தானாகக் கரைந்தது. ஒரு வருடம் கழித்து வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். நல்ல செய்தி சொன்னதாக நினைத்துச் சிரித்தார்கள். நான் அந்த ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்குக் கொடுக்க?

பகலில் பதினொரு மணிக்குக் கடையில் கூட்டம் குறையும். அப்போது வெள்ளித்தாள் கிழிகிற சத்தம் கேட்கும். கூடவே அவன் குரலும் கேட்கும், அதே கேள்வி. எங்கள் கடையில் இப்போது அந்த மாதிரித் தாள் எதுவும் கிடையாது. பேய், பிசாசு என்று நான் சொல்லவில்லை. திருநீறு இட்டுக்கொண்டுதான் கடை திறக்கிறேன். கோயிலுக்கும் போகிறேன். ஆனால் சன்னதியில் நின்று எதையும் கேட்க வாய் வருவதில்லை. நான் கேட்டதற்கு முருகன் ஆறு வாரம் கொடுத்திருந்தான். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு தாளும் கொடுத்திருந்தான். அதற்கு மேல் என்ன கொடுப்பான்?

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் என் போனுக்கே ஒரு செய்தி வந்தது. காரைக்குடிப் பக்கம் ஒருவர் உடம்பு இளைக்கப் புரோட்டீன் பார் தின்று ஈரல் வெந்து செத்தார், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. இரண்டாவது முறை படித்தபோதுதான் அது என் தம்பியைப் பற்றித் திரித்துச் சொன்னது என்று புரிந்தது. அவன் ஒரு கட்டிகூடத் தின்றதில்லை.

உடம்பு இளைக்க அது தின்னலாமா என்று கடைக்கு வருபவர்களே என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாதபோது, அந்த வேளைக்குப் பதிலாக ஒன்று தின்னுங்கள். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் சுண்டலும் மோரும் இருந்தால் அதுவே போதும். அந்தக் கட்டி யாரையும் இளைக்கவைக்காது, யாரையும் கொல்லாது. வாயில் போடுவது எதுவானாலும் அது சாப்பாடு. விரதத்திலும் அது சாப்பாடுதான். யாராவது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எடை பாருங்கள். சாமி கோபிக்காது.

இதைப் படிக்கிறவர்கள் வேண்டியவர்களுக்குச் சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதிய மாதிரியே சொல்லுங்கள். நான் கத்திக்குப் பயந்தேன் என்று சேர்க்க வேண்டாம். அந்தக் கட்டியில் விஷம் என்று சேர்க்க வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு நாலு கட்டியை இரண்டாகக் குறைக்கவும் வேண்டாம். தம்பி கேட்ட கேள்விக்கு நீங்களாக ஒரு அர்த்தம் வைத்துவிடாதீர்கள். அது எனக்கே தெரியாமல் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.