சுப்பையாவின் இடது காது

ரத்தப் பரிசோதனை என்பது, குத்துகிறவனை ஊரும், ஊரை அவனும் சந்தேகப்படும் தொழில். ஊசி பிடித்துப் பிழைத்த சக பாவிகளே, எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

சிவப்புப் பொட்டுகள்

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் எத்தனை நிமிஷத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காது மடலில் ஒரு குத்து. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தாளில் ஒற்றிக்கொண்டே வந்து, பொட்டு விழாதபோது கடிகாரத்தைப் பார்ப்போம். குருவிகுளம் பக்கம் ஆடு மேய்க்கும் சுப்பையா குடலிறக்கத்துக்காக வந்திருந்தார். வழக்கம்போல் இடது காதை நன்றாகத் தேய்த்துச் சூடேற்றிக் குத்தினேன். தாள் நிறையப் பொட்டு விழுந்ததும் அவர் மனைவி சண்முகத்தாய் முறைத்தாள்.

"அண்ணாச்சி, இம்புட்டு ரத்தத்தையும் யாருக்கு விக்கப் போறிய?"

தலைவலி மாத்திரை

மூன்று, நான்கு நிமிஷத்தில் நிற்க வேண்டியது பதினொரு நிமிஷமாகியும் நிற்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்தினேன். பெட்டிக்கடைத் தலைவலி மாத்திரையை விழுங்கியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். விழுங்கினால் ரத்தம் லேசில் நிற்காது. கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சுப்பையா கோமதியம்மன் மேல் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. மாத்திரையின் வேகம் தணியட்டும் என்று டாக்டர் ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளிவைத்தார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே சுப்பையா எழுந்தார்.

"ஆட்டுக்குப் பொறத்தால பத்து எட்டு நடக்க முடியல. பொய் சொல்லி நான் என்னத்தக் காணப் போறேன்?"

தடித்த காது

பத்து நாள் கழித்து வந்தார்கள். மறுபடியும் அதே காதைத் தேய்த்தேன். சண்முகத்தாய் என் கையைப் பிடித்துவிட்டாள். மடலில் தவிட்டு நிறத்தில் ஒரு புள்ளி. நான் தேய்த்ததில் தடித்துச் சிவந்திருந்தது. முதுகிலும் அப்படி நிறைய உண்டாம், தொட்டாலே தடிக்குமாம்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் யாரையும் நம்பாதவர். பேனா மூடியால் முதுகுப் புள்ளி ஒன்றைத் தேய்த்தார், அதுவும் தடித்தது. தோலுக்குள் காவலுக்கென்று சில அணுக்கள் உண்டு, இந்தப் புள்ளிகளில் அவை கூட்டமாக இருக்கும், தேய்த்தால் உள்ளே வைத்திருப்பதைக் கொட்டிவிடும், அதில் ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரினும் உண்டு என்றார். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். புள்ளியில்லாத காதுல, தேய்க்காம குத்திப் பாரும்."

வலது காதில் மூன்றே நிமிஷம். சில மருந்துகளும் அந்த அணுக்களைக் கிளறிவிடும் என்று மயக்க மருந்து கொடுப்பவருக்கு எச்சரிக்கை எழுதி, ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார் டாக்டர். சுப்பையா சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சண்முகத்தாய் விடவில்லை.

"பத்து நாளா எங்களச் சந்தேகப்பட்டியளே, உங்க கைய ஒருநாளாச்சும் சந்தேகப்பட்டியளா?"

அன்று முதல் என் சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான் என்றாலும், அந்தத் தலைவலி மாத்திரை விஷயத்தில் சுப்பையாவின் பெயரை நான் இன்னும் முழுசாக அடித்துவிடவில்லை.