இரண்டு மணி மாத்திரை

நெதர்லாந்தில் பிறந்தநாள் காலண்டரைக் கழிவறையில் தொங்கவிடுகிறார்கள். நான் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மட்டுமல்ல, கூட வேலை செய்பவர்களின் வீடுகளிலும் அப்படித்தான். கிழமை அச்சிடாத, எந்த வருடத்துக்கும் பொருந்துகிற காலண்டர். தேதிக்கு நேரே பெயர் எழுதியிருக்கும். தினமும் அங்கே போய் உட்கார்ந்துதானே ஆக வேண்டும், அதனால் யாருடைய நாளும் மறக்காது என்று வீட்டுக்காரம்மா மராய்க்கெ எனக்கு விளக்கினார். என் ஊர் முட்டத்தில் எங்கள் வீட்டுக் காலண்டரில் மாதா படம் உண்டு. வருடம் முடிந்தால் அந்தப் படத்தைக் குப்பையில் போட மனமில்லாமல் சுவரிலேயே விட்டுவைப்போம்.

போன நவம்பர் தொடங்கியபோது தாளைத் திருப்பியது நான்தான். மாத நடுவில் ஒரு தேதிக்கு நேரே, 'வில்லெம், 14.00' என்று பென்சிலில் எழுதியிருந்தது. வில்லெம் மராய்க்கெயின் கணவர். மே மாதம் அவருடைய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டது நினைவிருந்தது. மற்ற எந்தப் பெயருக்கும் நேரம் குறிக்கப்படவில்லை. மற்ற எல்லாம் பேனாவில் இருந்தன.

சமையலறையில் மராய்க்கெயிடம் கேட்டேன். "அது வில்லெமின் நாள். இரண்டு மணிக்கு டாக்டர் வருகிறார். அதற்கு முன்னால் காபிக்கு நீயும் வர வேண்டும்" என்றார். வில்லெமுக்கு நுரையீரலில் புற்று. ஒரு வருடமாகச் சிகிச்சை நடந்தது தெரியும். ஏதோ புதிய சிகிச்சையை வீட்டிலேயே செய்யப்போகிறார்கள் என்று நினைத்து, "நல்லபடியாக முடியும். கிறிஸ்மஸுக்குள் எழுந்து நடந்துவிடுவார்" என்றேன். மராய்க்கெ என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ நல்ல பெண்" என்றார். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அலுவலக நண்பர் ஒருவர்தான் எனக்குப் புரியவைத்தார். தாங்க முடியாத நோயில் இருப்பவர் தானே கேட்டு, மருத்துவர்கள் விசாரித்து ஒப்புக்கொண்டால், இந்த நாட்டில் ஊசி போட்டு உயிரை முடித்துவைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நான் அந்தச் சாவுக்குத்தான் வாழ்த்துச் சொல்லியிருந்தேன்.

என் தொழில் சந்தேகப்படுவது. மருத்துவமனைகளில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றும் பம்புகளைச் சோதிக்கிறேன். அது எப்படியெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியல் போடுவதற்குத்தான் சம்பளம். அன்று மாலை வீட்டைப் பற்றியே ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று, இதை முதலில் கேட்டது அவரா, களைத்துப்போன மனைவியா? இரண்டு, விசாரித்தவர்கள் அவரைத் தனியாக வைத்துக் கேட்டார்களா? மூன்று, பென்சிலில் எழுதியது ஏன்? அதன் பிறகு அந்த நாள் வரை கீழே ரொட்டி வெட்டும் சத்தத்தைக்கூட உற்றுக் கேட்டேன்.

அதே நாட்களில் என்னிடம் இன்னொரு பட்டியலும் இருந்தது. அம்மாவுக்குக் கணையத்தில் புற்று. செப்டம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய்க் கூட இருந்தேன். நாகர்கோவில் மருத்துவர் வலி மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருந்தார்: காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. கொடுப்பது புனிதா சித்தி, அம்மாவின் தங்கை. திரும்பி வரும்போது சித்தியிடம் ஒரு வேலையை ஒப்படைத்தேன். வலியில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மணிக்கொருமுறை அம்மாவைக் கேட்டு வாட்ஸாப்பில் எண் அனுப்ப வேண்டும்.

அக்டோபர் கடைசி இரண்டு வாரத்து எண்களை வரைபடமாக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. நாள் முழுக்க மூன்று, நான்கு. மதியம் இரண்டு தாண்டியதும் ஏழு, எட்டு. நான்கு மணிக்கு மறுபடி மூன்று. தினமும் இதே. இரண்டு மணி மாத்திரை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாகிறது. சித்தி மதியம் தூங்கிவிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு அதைவிட மோசமாக நினைத்தேன். சித்தி அன்பியக் கூட்டத்தை நடத்துபவர். எங்கள் தெருவின் இருபது முப்பது வீடுகள் கூடி ஜெபிக்கிற கூட்டம் அது. துன்பம் ஆன்மாவைக் கழுவும், சிலுவையைச் சுமக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே பேசுவார்கள். சிறுவயதிலிருந்து நானும் கேட்டு வளர்ந்தவள்தான். பல்வலியில் அழுதபோது "இயேசுவுக்கு ஒப்புக்கொடு" என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். கிராம்பு வைத்தபிறகுதான் அந்த வலி போனது. ஆகவே என் பட்டியலில் முதல் வரி: சித்தி மாத்திரையைப் பிடித்து வைக்கிறார்.

ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஊர் நேரம் இரண்டரைக்கு வீடியோவில் அழைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்து, போனை அப்படியே அம்மாவின் கட்டிலருகே ஜன்னலில் சாய்த்துவிட்டுப் போனாள். என்னை யாரும் கவனிக்கவில்லை. அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். வேர்வையில் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. சித்தி ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு கையில் மாத்திரையுமாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

"அக்கா, உனக்க காலப் பிடிக்கேன். வாயத் தொற."

"மூணு அடிக்கட்டு."

"பங்குச் சாமியாரே மாத்திரை தின்னச் சொல்லியாச்சுல்லா. நீ என்ன சாமியவிடப் பெரிய ஆளா?"

"சாமிக்கு வயசு முப்பது. அவருக்கு என்ன தெரியும்?"

நான் கூப்பிட்டேன். சித்தி திரும்பி, போனைப் பார்த்து, "வந்தியா மக்கா? நீயே கேளு. நான் சொன்னா உனக்க அம்மா கேக்க மாட்டேங்கா. உனக்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்கா" என்றார். இத்தனை நாளும் அவர் எனக்கு உண்மையான எண்களையே அனுப்பிவந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தியத்தை மீறாமல் எனக்குச் சொல்ல அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன். இந்த வலியால் யாருக்கு என்ன லாபம் என்று. அம்மா முட்டத்திலிருந்து தக்கலைச் சந்தைக்கு முப்பது வருடம் மீன் கொண்டுபோய் விற்றவள். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னது இதுதான்: "விக்காத மீன என்னிக்காவது வீட்டுக்குக் கொண்டுவந்து அழுக விட்டிருக்கேனா? வாற வழியில ஆருக்காவது குடுத்திட்டுத்தான வருவேன். இந்த வலியும் வரத்தான் செய்யுது ஏட்டி. மாத்திரை போட்டாலும் முழுசா போவல்ல. ஒரு மணிக்கூர் மட்டும் ஒரு ஆளுக்குன்னு குடுக்கேன். சும்மா போவப்பிடாதுல்லா."

இரண்டிலிருந்து மூன்று வரை. ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்ட மணி வரை. ஒரு நாள் இறந்துபோன அப்பாவுக்கு, ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் சந்தையில் கூட இருந்த பெண்ணின் குடிகார மகனுக்கு. ஜெபப் புத்தகத்தின் பின்பக்கம் பெயர்கள் எழுதி வைத்திருக்கிறாளாம். பட்டியல் போடும் பழக்கம் எங்கிருந்து எனக்கு வந்தது என்று அன்று தெரிந்தது. ஆனால் நான் நம்பவில்லை. வலி ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவருக்கு உதவியாகப் போய்ச் சேரும் பாதை எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று பேச்சை மாற்றுவதற்காக, இங்கே ஒருவர் தன் சாவுக்கு நேரம் குறித்திருக்கிறார் என்று வில்லெமைப் பற்றிச் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "பாவம், ரொம்ப வலியா அந்தாளுக்கு?" என்றாள். பிறகு, "எத்தனை மணிக்கு? நமக்கு அப்போ மணி என்ன?" நான் யோசிக்காமல் ஆறரை என்றேன். "அப்பம் அன்னிக்கு ஆறு மணி மாத்திரைய ஏழுக்குப் போடலாம். அந்தாளு தனியா போவண்டாம்."

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு அம்மா பெரிய விசுவாசியாகத் தெரியலாம். இங்கே வாசிப்பவர்களுக்கு வில்லெம் தெளிவான மனிதராகத் தெரியலாம். எனக்கு இரண்டு பேர்மேலும் சந்தேகமாகவே இருந்தது.

அந்த நாள் வந்தது. முன்னறையில் காபி, ஆப்பிள் கேக், எட்டுப் பேர். என்ன உடுத்துவது என்று தெரியாமல் சாம்பல் நிறத்தில் சுவெட்டர் போட்டிருந்தேன். வில்லெம் சாய்வு நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, சிவந்த முகத்தோடு இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு அம்மாவைப் பற்றி விசாரித்தார். என் பட்டியலின் முதல் கேள்வியை அவரிடமே கேட்கப் போனவள், அதற்குப் பதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: மாத்திரை, ஒரு மணி நேரம், இன்று அது அவருக்கு என்பது.

வில்லெம் சிறுவனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்தவர் என்று மராய்க்கெ சொல்லியிருக்கிறார். அந்தக் கோவில் இப்போது அடுக்குமாடி வீடுகள்.

"உன் அம்மாவுக்கு இப்போது வலிக்கிறதா?"

"இன்னும் கொஞ்ச நேரத்தில் தொடங்கும்."

"எனக்கு வலி இல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். எனக்காக ஒரு பெண் வலியோடு கிடப்பதா? கூப்பிட்டுச் சொல், நான் போய்விட்டேன் என்று."

"பொய்யா?"

"இருபது நிமிடம் முன்னதாக ஒரு உண்மை" என்று சொல்லிச் சிரித்து, இருமினார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழைத்தேன். ஊரில் ஆறு பத்து. கோவில் மணி அடித்து ஓய்ந்திருக்கும்.

"அம்மா, முடிஞ்சாச்சு. சீக்கிரமே போயிட்டாரு. மாத்திரையப் போடு."

"கஷ்டப்பட்டாரா?"

"இல்ல."

அந்தச் சமயம் பார்த்து முன்னறையில் வில்லெம் எதற்கோ உரக்கச் சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மரிச்ச வீட்டுல ஆரு சிரிக்குது?"

"இங்க இப்படித்தான் அம்மா."

அம்மா தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது. "போட்டாச்சு" என்றார் சித்தி.

டாக்டர் இரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் மணியடித்தார். வில்லெமிடம் எல்லோர் முன்னிலும் ஒருமுறை கேட்டார். அவர் தெளிவாக 'யா', ஆமாம், என்றார். மராய்க்கெ அவர் காலுறையைச் சரிசெய்தார். என் பட்டியலில் அடித்துவிட வேண்டிய வரிகளை அடித்தேன். ஒன்றிரண்டு இன்னும் அடிக்கப்படாமல் கிடக்கின்றன. குடும்பத்தார் மட்டும் இருக்கட்டும் என்று நான் பின்வாசல் வழியாக வெளியே போனேன். குளிர்கோட்டு முன்கதவருகே மாட்டியிருந்தது. அதை எடுக்க அவர்களைக் கடந்து போக மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சுவெட்டரோடு, சைக்கிள் கொட்டகைக்கும் குப்பைப் பெட்டிக்கும் நடுவில் நின்றேன். மழையில்லை, காற்று மட்டும். கை விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு மரத்தன. அந்த வலிக்குப் பத்துக்கு இரண்டு என்று எண் போட்டேன். அது அம்மாவின் எட்டுக்கு எந்த வகையிலும் ஈடாகாது. ஆனாலும் மராய்க்கெ கதவைத் திறந்து கூப்பிடும்வரை உள்ளே போகவில்லை. அது ஜெபமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

டிசம்பரில் ஊருக்குப் போனேன். அப்போது அம்மாவால் விழுங்க முடியவில்லை. நாக்கடியில் சொட்டு மருந்து. இரண்டு மணிக்கு சித்தி நேரம் தவறாமல் விடுவார். அம்மாவால் எதையும் தள்ளிப்போட முடியவில்லை. கடைசி மதியம் என் விரலைப் பிடித்திருந்தாள். மூன்று அடித்ததா என்று கேட்பதுபோல் ஒருமுறை கண்ணைத் திறந்தாள். "அடிச்சாச்சு அம்மா" என்றேன். அது பொய்யில்லை. அந்தி சாயுமுன் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். பின்பக்கத்தில் தேதியும் பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒரு மணிக்கூர்' என்று அம்மாவின் சாய்ந்த எழுத்து. நவம்பர் நடுவில் அந்த வரி இருந்தது: 'மகள் தங்குற வீட்டு ஆளு வில்லம். பத்து நிமிசம். மீதி மகள் பாத்துக்கிடுவா.'

குளிரில் நின்றதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சித்தியிடமும் இல்லை. இதற்கும் விளக்கம் இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டதுமே அம்மாவுக்கு என் கள்ளம் தெரிந்திருக்கும், அவள் மகளைத் தெரிந்தவள், அவ்வளவுதான். அந்த விளக்கத்தைத்தான் வைத்திருக்கிறேன். அது முழுவதுமாகப் போதவில்லை.

சித்தி அந்தப் பட்டியலைக் கோவிலில் கொடுத்துவிட்டார். முட்டத்தில் இறந்தோர் பூசையில் இனி வில்லெமின் பெயரும் வாசிக்கப்படும். எவரும் அதைச் சரியாக உச்சரிக்கப்போவதில்லை. நான் திரும்பி வந்த அன்று மராய்க்கெ அம்மாவின் பெயரைக் கேட்டார், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை கழிவறையில் பார்த்தேன். டிசம்பர் பக்கத்தில், யாரோ ஒரு பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்குக் கீழே, 'செலின்' என்று எழுதி ஒரு சின்னச் சிலுவை போட்டிருந்தார். இம்முறை பேனாவில்.

"கக்கூசுலயா ஏட்டி?" என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, நின்றபடியே, சிலுவை அடையாளம் வரைந்தேன்.