சாம்பல் தேடி வெட்டின கிடங்கு

கிணறு வெட்டுறவன் தண்ணியைக் கண்டதும் கரையேறலாம். ஆராய்ச்சிக்குக் கிடங்கு வெட்டுறவனுக்குச் சாம்பலைக் கண்ட பிறகுதான் வேலையே தொடங்கும். மண்வெட்டி பிடிச்ச ஆட்களுக்கு இந்த அவதி விளங்கும்.

எரிமலை எங்கே?

போன கோடையில் அருவியாற்றுப் பக்கம் வேலை. பல்கலைக்கழகத்து வசந்தி மிஸ் மண்ணுக்குள் கல்லாகிப்போன மிருக எலும்பொன்றைக் கண்டிருந்தா. அதின்ர வயசு தெரிய வேணும். ஆதியில் கடலுக்கு அங்கால எரிமலை வெடிச்சுப் பறந்த சாம்பல் இங்கேயும் படிஞ்சிருக்குமாம். எலும்புக்கு மேலே அது கலப்பில்லாமல் கிடைச்சால் சாம்பலின் வயசைக் கணிக்கலாம். எலும்பு அதைவிட மூப்பு. கிடைக்காட்டில் மிஸ்ஸின்ர பட்டப்படிப்பு அந்தரத்தில். மீன் விற்க வந்த எருக்கலம்பிட்டிக் காதர் நானா எட்டிப் பார்த்துக் கேட்டார்: “வெடிச்ச இடத்தை விட்டிட்டு இங்க ஏன் வாப்பா கிண்டுறீங்க?”

முதல் சாம்பல்

கிடங்குச் சுவரில் கறுத்த பட்டையொன்று தெரிஞ்சுது. மிஸ் கிடங்குக்குள் குதிச்சே விட்டா. பிறகு கரித்துண்டு வந்தது, முள்ளு வந்தது. ஆரோ முந்தி அடுப்பு மூட்டியிருக்கினம். என்னோட வெட்டுற பிலிப்பு முள்ளை மூக்கில் வைச்சு மணந்து பார்த்தான்: “மிஸ், இது எரிமலை இல்லை, மீன்குழம்பு.”

மேரியக்காவின் பானை

கடைசியில் எலும்புக்கு மேலே, விரல் தடிப்பில் வெளிறின சாம்பல். மிஸ் அதைச் சுரண்டிப் பேசனில் காயவிட்டிட்டு, பேராசிரியருக்குச் சொல்ல சிக்னல் தேடி வீதிக்குப் போனா. எங்களுக்குச் சமைக்கிற மேரியக்காவுக்குச் சாம்பல் என்றால் சட்டி பானை ஏதனம் மினுக்கத்தான். முழுக்க அள்ளி அலுமினியக் கஞ்சிப்பானையை உரஞ்சிப்போட்டா.

வெறும் பேசனைப் பார்த்த மிஸ் கிடங்குக்குள் ஓடிப் பார்த்தா. சுவரிலும் மிச்சமில்லை. “கோவிக்காதேங்கோ பிள்ளை, என்ர பானையும் பாழ், முழுக்கக் கீறல்” என்று மேரியக்கா பானையை நீட்டினா. மிஸ் பூதக்கண்ணாடியால் பார்த்தா, முகம் மாறிச்சுது. அடுப்புச் சாம்பல் இப்படிக் கீறாதாம். எரிமலைச் சாம்பல் கண்ணாடித் தூள் மாதிரியாம். உடனே அதே மட்டத்தில் மறுபக்கத்தை வெட்டினம். பொழுதுபட முன்னம் பட்டை திரும்பத் தெரிஞ்சுது. இந்தமுறை பேசனுக்குப் பிலிப்பு காவல்: “அக்கா, ஏதனத்தோட இந்தப் பக்கம் வராதேங்கோ!”

மறுமொழி

பரிசோதனை மறுமொழி வந்த அன்று மிஸ் கேக்கோட வந்தா. எரிமலைச் சாம்பலேதான், எங்கட பாட்டன் பூட்டன் காலமெல்லாம் அதுக்கு நேற்று மாதிரி. எலும்பு அதுக்கும் மூப்பு. மிஸ்ஸின்ர படிப்புத் தப்பிச்சுது. எல்லாரும் கைதட்ட, மேரியக்கா மட்டும் கேட்டா: “அப்ப பிள்ளை, எனக்குப் புதுப்பானை ஆர் தாறது, எரிமலையோ?”

புதுப்பானையை மிஸ் வாங்கிக் கொடுத்திட்டு கீறின பானையைத் தன்னோட கொண்டுபோயிட்டா. இவ்வளவு பேர் கிடங்கைச் சுற்றி நின்றும், சாம்பலை முதலில் அடையாளம் கண்டது அந்தக் கஞ்சிப்பானைதானே.