மலையில் ஊமையான உறுமி

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் நடந்தது இது. எங்கள் ஊர் சிம்பாங் ரெங்கத்தில் காயப்போட்ட துணியை எடுக்கக்கூட வெளியே போக யோசிக்கும் அளவுக்கு வெயில். அந்த வெயிலில்தான் தோழிகள் மூவரும் ஒரு காரில் கேமரன் மலைக்குக் கிளம்பினோம். ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லித்தான் வேலையிடத்தில் விடுப்பு வாங்கினேன். அது பாதி உண்மை. காரின் பின்பக்கம் முழுக்க எங்கள் மேளங்கள்.

நாங்கள் பெண்கள் மட்டுமே உள்ள உறுமி மேளக் குழு. நான் உறுமி, மற்ற இருவரில் காரோட்டுபவள் தப்பு மேளம், இன்னொருத்தி ஜால்ரா. பூப்பந்து மண்டபத்துக்குப் பின்னால் பழகுவோம். "பொம்பளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் குறைவு. வெளியூரில் ஒரு கோயிலில்கூட அதுவரை வாசித்ததில்லை.

குழுவின் நான்காவது தோழி எங்களுக்கு முன்பே மலைக்குப் போய்விட்டாள். அவளுக்காகத்தான் இந்தப் பயணமே. சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்த அவள் கணவர் விபத்தில் அடிபட்டு, இனி நடப்பாரா என்றே தெரியாமல் கிடந்தார். அப்போது அவள் வேண்டிக்கொண்டாள்: அவர் எழுந்து நடந்தால், அவர் பிறந்த மலைக் கிராமத்து முருகனுக்கு என் தோழிகளின் மேளத்தோடு பால்குடம் எடுக்கிறேன். இப்போது அவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். வாக்கை நிறைவேற்ற வேண்டியது அவள் மட்டுமல்ல, நாங்களும்தான்.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ஜால்ராக்காரி வாந்தி எடுத்ததையும், தேயிலைச் சரிவைப் பார்த்ததும் அவளே எழுந்து உட்கார்ந்து படம் எடுத்ததையும் சொன்னால் கதை நீளும். மாலையில் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேதான் நான் ஒரு முட்டாள் வேலையைச் செய்தேன். எங்கள் ஜொகூர் சூட்டில் மேளத் தோல் இறுகி வெடித்துவிடும் என்று, வாரைத் தளர்த்தி ஈரத் துணி போட்டு மூடி வைப்பது எங்கள் பழக்கம். செக்குமாடு போல, ஈரமும் குளிருமான அந்த மலையிலும் அதையே செய்துவிட்டு, சூப் குடிக்கப் போய்விட்டேன்.

விடிந்ததும் ஊரே பனிமூட்டத்துக்குள் இருந்தது. தூறல் வேறு. பால்குடம் கிளம்பும் ஓடைக்கரையில் மேளத்தை எடுத்து வாரை இழுத்துக் கட்டி, குச்சியால் தோலைத் தேய்த்தேன். உறுமி உறுமவில்லை. ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'தொப்' என்றது. தப்பும் அப்படியே.

தீ மூட்டிக் காய்ச்சலாம் என்றால் விறகெல்லாம் நனைந்து புகைதான் வந்தது. அன்னதானச் சமையல் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே பெரிய பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சமையலைக் கவனித்த அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அது மாட்டுத் தோலும்மா. சாமிக்குப் படைக்கிற சோறு பொங்குற எடத்துக்குள்ள தோலு வரக்கூடாது. நீங்களே யோசிங்க."

யோசித்தேன். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

இதற்குள் கோயில் தலைவர் ஒலிபெருக்கியோடு வந்துவிட்டார். "பென் டிரைவ்ல நல்ல மேளம் இருக்கு. போட்டுக்கிட்டே போலாம். அபிஷேகத்துக்கு நேரமாவுது லா," என்றார். சுற்றி நின்ற சிலர் எங்கள் மேளத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வேண்டிக்கொண்ட தோழி மஞ்சள் புடவையில், நிறைந்த குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஏற்றிவிட்டால் கோயில் வரை இறக்கக் கூடாது. அவள் ஏற்றவே இல்லை.

"நான் சாமிகிட்ட பென் டிரைவ்னு வேண்டிக்கலீங்க," என்றாள். அவள் கணவர் தடியை ஊன்றியபடி என்னைப் பார்த்தார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பூ வாங்கக் கீழே டவுனுக்குப் போயிருந்த காரோட்டும் தோழி காரோடு வந்து நின்றாள். கார் நின்றதும் ஒரு மஞ்சள் பூனை எங்கிருந்தோ வந்து, முன்பக்க போனட் மேல் ஏறிச் சுருண்டு படுத்தது. இருந்த எரிச்சலை எல்லாம் அதன்மேல் காட்டக் கையை ஓங்கினேன்.

"விடு லா, பாவம். குளிருதுல்ல, இஞ்சின் சூட்டுக்குப் படுத்திருக்கு," என்றாள் காரிலிருந்து இறங்காமலே.

ஓங்கிய கை அப்படியே நின்றது. போனட்டைத் தொட்டேன். மலை ஏறி வந்த சூடு, தோசைக்கல் மாதிரி. "இஞ்சின நிறுத்தாதடி" என்று கத்தினேன்.

பூனையைத் தூக்கி ஜால்ராக்காரியிடம் கொடுத்தோம். துண்டை விரித்து மேளங்களை மேலே வைத்தோம். காரோட்டும் தோழி உள்ளே இருந்து ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, நான் தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அப்பளம் சுடுவதுபோல் இருக்கிறது என்று யாரோ கிண்டல் செய்தார். சிரித்தவர்களில் இருவர் குடையோடு வந்து தூறல் படாமல் பிடித்தார்கள். தப்பைத் தட்டிப் பார்த்தேன். 'தொப்' என்றது 'தம்' ஆனது. இன்னும் கொஞ்சம் காட்டினோம். 'டங்' என்றது. உறுமியில் விளக்கெண்ணெய் தடவி, குச்சியை அழுத்தி இழுத்தேன்.

'உம்ம்ம்' என்று ஒரு முழக்கம். தேயிலைச் சரிவு முழுக்க அது போய்த் திரும்பி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மஞ்சள் புடவைத் தோழி எழுந்தாள். குடத்தைத் தலையில் ஏற்றினாள். எங்கள் அடிக்கு அவள் கால் ஆடத் தொடங்கியதும், சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் 'வேல் வேல்' என்று பின்னால் திரண்டது. சூடு குறையும் முன் கோயிலை எட்ட வேண்டும் என்று நாங்கள் வாசித்த வேகம் பூப்பந்து மண்டபம் கண்டதில்லை. அவள் கணவர் தடியை ஊன்றி எங்களுக்கு முன்னால் நடந்தார். நடுவில் ஒரு மேட்டில் தடியை யாரிடமோ கொடுத்துவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு தன் கால்களை மட்டும் நம்பி ஏறினார். அதைப் பார்த்து நான் அழுதேன். ஆனால் அடி ஒன்றுகூடத் தப்பவில்லை.

கோயில் வாசலில் தலைவரே ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார். "வர்ற வருஷமும் நீங்கதான்" என்றார். கேட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, உத்தரவு போட்டார். சாப்பாட்டுப் பந்தியில் அந்தச் சமையல் அம்மா எனக்கு மட்டும் இரண்டாம் முறை பாயசம் ஊற்றி, "இப்ப நீங்க உள்ள வரலாம், மேளம் மட்டும் வெளிய" என்றார்.

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளமே. அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்: வெயில் இல்லை, விறகு இல்லை, அடுப்பு இல்லை. எங்களை மலைமேல் கொண்டுவந்த காரே அடுப்பாக முன்னால் நின்றது என் கண்ணில் படவில்லை. இப்போதெல்லாம் ஏதாவது கைவிட்டுப் போகிறபோது, இல்லாததை எண்ணுவதை நிறுத்திவிட்டு, பூனை எங்கே படுத்திருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன்.