ஜெபராஜ் அண்ணனின் முன்பற்கள்

சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தப் பல் ஆஸ்பத்திரி. பாதிப் படி ஏறும்போதே கிராம்புத் தைல வாசனை வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டது. வாசனைகளுக்குக் கொஞ்சமும் இங்கிதம் கிடையாது. என்ன காரியமாக வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். சேலையூரில் தூக்கிய காலை நான் கிண்டி தொழிற்பேட்டையில் வைத்தேன், முப்பது வருஷம் பின்னால்.

ஆனால் முதலில் அந்த நாற்காலியைச் சொல்லிவிடுகிறேன். சாய்த்துப் படுக்கவைத்து, முகத்துக்கு நேரே விளக்கை இழுத்து, என் மகள் வயசு டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். "ஏழு... எட்டு... ஏழு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு பெண் எழுதிக்கொண்டாள். கணக்குப் பரீட்சையில் நான் வாங்காத மார்க்கையெல்லாம் என் ஈறு வாங்குகிறதே என்று தோன்றியது. வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில்தான் எனக்கு இப்படி நகைச்சுவையாக ஏதாவது தோன்றும்.

"கீழ முன்பல் ரெண்டும் காப்பாத்த முடியாது சார். பிடிச்சிட்டிருந்த எலும்பு கரைஞ்சிடுச்சு."

"வலியே இல்லையேம்மா."

"அதான் சார் இதுல பிரச்சினையே. வலிக்காமலே போயிடும். பிரஷ் பண்றப்ப ரத்தம் வந்திருக்குமே?"

வந்தது. வருஷக்கணக்காக வந்தது. குழாயைத் திறந்துவிட்டால் வாஷ்பேசின் வெள்ளையாகிவிடும், விஷயம் முடிந்தது. இந்த மனுஷனுக்கு யாராவது முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதே, இன்னொருவருக்குச் சொன்னார்கள்.

கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியின் டிராயிங் பிரிவில்தான் எனக்கு முதல் வேலை. ஜெபராஜ் அண்ணன் அங்கே சீனியர். பெரிய பெரிய படங்களை அமோனியாவில் பிரிண்ட் எடுத்த காலம். கண் எரியும், மூக்கு ஒழுகும். அந்த நெடியையும் மீறி அண்ணனின் மேஜையிலிருந்து கிராம்பு வாசனை வரும். பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் நனைத்து ஈறோரம் அடக்கியிருப்பார். பேசுவதற்கு முன் நாக்கால் அதை ஒரு ஓரமாகத் தள்ளுவார். ஆகவே அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் சற்றுத் தாமதமாகத்தான் வரும். அதை நான் ரொம்ப நாள் நிதானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரைவது பிழைப்புக்கு. அவர் உயிர் இருந்தது டிரம்பெட்டில். கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் சர்ச்சில், குருத்தோலை ஞாயிறு காலையில் பவனிக்கு முன்னால் நடந்து ஊதுகிறவர் அவர்தான். அவருடைய முதல் சுரம் கேட்ட பிறகுதான் ஊர்வலம் கால் எடுத்து வைக்கும். வீட்டில் பழகினால் மேல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை மின்சார ரயிலில் சாதகம். டிரம்பெட் இல்லை, அதன் மவுத்பீஸ் மட்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்து, உதட்டில் அழுத்தி, 'ஸ்ஸ்ம்ம்' என்று ரீங்கரிப்பார். ஒரு நாள் எதிர் சீட்டில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா சார், வண்டில கொசு கீதா, இல்ல நீயே கொசுவா?"

அண்ணன் மவுத்பீஸை எடுக்காமலே அந்த அம்மாவைப் பார்த்துக் கொசு மாதிரியே ஒரு வட்டம் ஊதினார். பெட்டியே சிரித்தது.

சிரித்து முடித்துக் கர்ச்சீப்பால் துடைத்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு.

"அழுத்தி ஊதறேன்ல, அதான்டா. முன்னாடி பல்லுக்கு ரெஸ்ட் குடுத்துகினு வரேன். பிரஷ்ஷே படறதில்ல, கடைவாயோட சரி."

ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடுவது எவ்வளவு அக்கறையான காரியம் என்று நினைத்தேன். நானும் அன்றிலிருந்து என் ஈறுகளுக்கு ரெஸ்ட் கொடுத்தேன்.

பிறகு கம்பெனிக்கே ஒரு பல் முகாம் வந்தது. கேன்டீனில் பெஞ்சு போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அண்ணனின் வாயைப் பார்த்த இளம் டாக்டர் டார்ச்சை அணைக்கவே இல்லை. "பிரஷ் பட்டு ரத்தம் வரலை சார். பிரஷ் படாம அழுக்கு காரையாகி ஈறுக்குள்ள இறங்கியிருக்கு, அதனால வருது. இப்ப க்ளீன் பண்ணிட்டா பல் நிக்கும். அப்புறம் காலையும் ராத்திரியும் மெதுவா, ஈறு ஓரமா தேய்க்கணும். பல்லிடுக்கும் சுத்தமா இருக்கணும்."

வெளியே வந்ததும் அண்ணன் பஞ்சை ஓரம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"நீ இன்னாடா சொல்ற?"

தெரியாத விஷயத்தைத் தெரிந்த குரலில் சொல்வதில் நான் அப்போதே தேறியவன். "வேணாம் அண்ணா. எங்க சித்தப்பா க்ளீன் பண்ணிட்டு வந்தாரு. மறுவாரமே பல்லெல்லாம் சந்து விட்டு ஆட ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்குச் சந்து விழுந்தா காத்து போயிடும்ல?"

சித்தப்பாவின் பற்கள் முன்னமே ஆடிக்கொண்டிருந்தன. காரை ஒட்டுப்போட்டு அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான். இது எனக்குத் தெரியவந்தது போன வாரம், சேலையூர் நாற்காலியில், டாக்டர் சொல்லித்தான்.

காற்று என்று நான் சொன்னதும் அண்ணன் முகம் மாறியது. முகாமில் கொடுத்த சீட்டை நாலாய் மடித்து, மவுத்பீஸ் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார். அது அங்கேயே இருந்தது.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு குருத்தோலை ஞாயிறு. அண்ணன் ஊதுவதைக் கேட்க நானும் போயிருந்தேன். ஓலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவர் டிரம்பெட்டை உயர்த்தினார். சுரம் எழும்பி, நடுவில் உடைந்து, வெறும் காற்றாகப் போனது. மறுபடி அழுத்தினார். மறுபடி காற்று. யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் பாடுபட்டார்கள். அப்புறம் பெண்கள் வரிசையில் யாரோ பாட்டை எடுக்க, ஊர்வலம் அவரைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.

"முன்னாடி பல்லு உள்ள போவுதுடா, அழுத்துனா" என்றார் என்னிடம், ரகசியம் போல. அன்று அவர் வாயில் பஞ்சு இல்லை. பதில் தாமதமானது என் பக்கத்தில்தான்.

மேல் முன்பற்கள் நாலையும் எடுத்தார்கள். கட்டிய பல் சாப்பாட்டுக்குப் போதும். மவுத்பீஸின் அழுத்தத்துக்கு நிற்கவில்லை. இப்போது விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

எனக்கு மிச்சப் பற்களைச் சுத்தம் செய்து, இடுக்குக்கு ஒரு குட்டி பிரஷ் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச்சொல்லி அனுப்பினார் டாக்டர். அந்த ரெண்டைப் பற்றி இன்னொரு தடவை கேட்டேன். "எலும்பு திரும்பி வராது சார். மத்ததைப் பாத்துக்கலாம்" என்றார். படியிறங்கி, பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கி கேன்டீன் வாசல்ல நான் மட்டும் வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா..."

அந்த முனையில் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. வாக்கியத்தின் பாக்கியை அது எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"பிளேன்டா. ஒண்ணும் கேக்கல. இன்னா சொன்ன?"

முப்பது வருஷம் கழித்து ஒரு தடவை வாயில் வந்தது. ரெண்டாம் தடவை வரவில்லை. "பல்லாஸ்பத்திரிக்கு வந்தேன் அண்ணா" என்றேன். "ரெண்டு பல்லு போகுது."

"போனா போவுது, நீ இன்னா டிரம்பெட்டா ஊதப்போற?" என்று சிரித்தார். "இரு, இரு. மவுத்பீஸ் இன்னும் வச்சிகினுதான் கீறேன். கேளு."

எதையோ துழாவும் சத்தம். பிறகு ஊதினார். கேம்ப் ரோட்டின் ஹார்ன்களுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திக் கேட்டேன். ஜன்னல் இடுக்கில் புகுந்து வருகிற மாதிரி, நெடுநேரம், வெறும் காற்று.

"கொசு கேட்டுச்சாடா?"

"கேட்டுது அண்ணா" என்றேன்.