கடைசி மூன்று எண்

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் என் அண்ணனை ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பட்டப்பகல். திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டையைப் போட்டுவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

டீக்கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "யாராச்சும் லாரி நம்பரைப் பார்த்தீங்களா?" என்று கத்தினேன். ஒருவர் உள்ளங்கையை விரித்தார். பேனாவால் 417 என்று எழுதியிருந்தது. தெய்வமே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"முன்னாடி என்னங்க?"

"அத பாக்கலம்மா. கடைசி மூணுதான்."

பக்கத்தில் நின்றவரும் அதையே சொன்னார். பஞ்சர் கடைக்காரரும் அதையே. முன்னால் இருந்த எண்ணோ எழுத்தோ ஒருத்தருக்கும் தெரியவில்லை. அண்ணிதான் பிறகு சொன்னாள்: "மூணு நம்பர் ஆடுறவங்க. அதுக்கு மேல அவங்களுக்கு எதுக்கு?"

லாட்டரிக்கு நம் மாநிலத்தில் தடை. கேரளாவில் அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. அங்கே மதியம் குலுக்கினால், முதல் பரிசின் கடைசி மூன்று எண்ணுக்கு இங்கே திருட்டுத்தனமாகப் பணம் கட்டுவார்கள். சாவில் வந்த எண் அடிக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி, அடித்த வண்டி, எதையும் விடமாட்டார்கள். என் அண்ணனும் தினம் ஆடியவர்தான். மூன்று மணிக்கு மேல் போனைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போகும். ஒரு நாளும் அடித்ததில்லை.

வெறும் மூன்று எண்ணை வைத்து எந்த லாரியைத் தேடுவது என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். லாரி கிடைத்தால்தான் கேஸ் நிற்கும். அதைவிட, அண்ணனைக் கொன்றவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

துக்கம் விசாரிக்க சிங்கப்பூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். நடந்ததைச் சொன்னேன்.

"இங்கயும் அப்படித்தான்க்கா. அடிபட்ட வண்டி நம்பருக்குக் கட்ட கடையில க்யூவுல நிப்பாங்க. எல்லாம் சட்டப்படிதான். ஆனா இங்க நாலு நம்பர்."

நாலு நம்பராம். செத்ததுதான் செத்தார், என் அண்ணன் அங்கே போய்ச் செத்திருக்கலாம். லாரி கிடைத்திருக்கும்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்போது கூட்ரோட்டில் பட்டாசு வெடித்தது. சாவுக்கு வாங்கியதில் மிச்சம் என்று நினைத்தேன். இல்லை, 417 விழுந்திருக்கிறது.

காரியத்தன்று அந்த உள்ளங்கை ஆசாமி தாம்பாளத்தில் புடவையும் பழமுமாக வந்து அண்ணி முன்னால் வைத்தார்.

"அண்ணன் குடுத்ததுதான் அண்ணி இது. அவரு எங்களுக்குக் கொலசாமி மாதிரி."

தட்டை எட்டி உதைக்க என் கால் பரபரத்தது. அண்ணி மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "முன்னாடி இருந்த நம்பரு இப்பவாச்சும் ஞாபகம் வருதாங்க?"

"அது ஆட்டத்துல வராதுங்களே அண்ணி."

அவர் தலை மறைந்ததும், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அண்ணி தாம்பாளத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவரை ஏன் திட்டிக்கினு இருக்கற? உங்கண்ணன் அங்க நின்னுக்கினு இருந்தாலும் கடைசி மூணைத்தான் பாத்திருப்பாரு."